கிணற்று மேட்டில் நின்ற ஆள்

2012, மின்வெட்டு மிக மோசமாக இருந்த வருஷம். வீட்டில் விளக்கு எரிவதே பெரிய விஷயம். மோட்டார் ஓடத் தேவையான மும்முனைக் கரண்ட் நடுச்சாமத்தில் வரும், இரண்டு மூன்று மணி நேரத்தில் போய்விடும். அதனால் எங்கள் பக்கத்து விவசாயிகள் பாதிப்பேர் ராத்திரியில் டார்ச்சும் கையுமாகத்தான் திரிந்தார்கள்.

காங்கேயத்துக்குத் தெற்கே தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், குடியிருந்தோம். இப்போதும் அங்கேதான் இருக்கிறோம். பக்கத்துச் சாளைக்கு முந்நூறு மீட்டர் நடக்க வேண்டும். அந்த வாரம் சுற்றுவட்டத்தில் மூன்று கிணறுகளில் மோட்டார் கேபிளை வெட்டி எடுத்துப் போயிருந்தார்கள். உள்ளே இருக்கும் செம்புக் கம்பிக்காக. கேபிள் போனால் புதிதாக வாங்கிப் போடுகிற வரைக்கும் தண்ணீர் கிடையாது, நட்ட மிளகாய் நாற்று கருகிவிடும். அப்பா தாராபுரத்தில் அத்தை வீட்டு விசேஷத்துக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார். சாளையில் நான், மனைவி, இரண்டு வயதுப் பையன்.

ராத்திரி ஒன்றரை மணி இருக்கும். நாய் குரைத்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் கிணற்று மேட்டில் டார்ச் வெளிச்சம் அசைகிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிட்டது.

அப்பா பீரோவில் அப்பாரு (தாத்தா) காலத்து ஒற்றைக் குழல் துப்பாக்கி இருந்தது. அப்பாருக்குப் பிறகு லைசென்ஸ் அப்பா பேருக்கு மாறியிருந்தது. தோட்டாக்கள் தனியாக ஒரு பிஸ்கட் டப்பாவில். சாவியைத் தேடி, பீரோவைத் திறந்து, இருட்டில் டப்பா மூடியைக் கழற்றி, குழலை மடக்கித் தோட்டாவைப் போட்டு மூடுவதற்குள் கை வேர்த்து வழுக்கியது. எவ்வளவு நேரம் ஆனது என்று அப்போது தெரியவில்லை. பிற்பாடு பகலில் ஒருநாள் அதே மாதிரி செய்து பார்த்தேன். நான்கு நிமிஷத்துக்கு மேல் ஆனது.

களத்தைத் தாண்டி வேப்பமரத்து ஓரமாக நின்றேன். ஸ்டார்ட்டர் பெட்டிக்கு முன்னால் ஒரு ஆள் குனிந்திருந்தான். "யாரது?" என்று கத்தினேன். பதில் இல்லை. மறுபடியும் கத்தினேன். அவன் நிமிரவே இல்லை. கைவேலையிலேயே இருந்தான். கேபிளை வெட்டுகிறான் என்று மனசு முடிவு கட்டிவிட்டது. துப்பாக்கியின் சுத்தியலைப் பின்னால் இழுத்துவிட்டேன். விரல் விசையில் இருந்தது. இன்றைக்கும் அந்த இரும்பின் குளிர்ச்சி விரல் நுனியில் இருக்கிறது.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது. ஸ்டார்ட்டர் பெட்டியின் சிவப்பு விளக்கு எரிந்தது. அந்தச் சின்ன வெளிச்சத்தில் தெரிந்த முகம் எங்கள் பெரியப்பாவுடையது.

எங்களுக்கும் அவருக்கும் கூட்டுக் கிணறு. அன்றைக்கு எங்கள் முறை. அப்பா தாராபுரத்திலிருந்து அவருக்குப் போன் போட்டு, "பையன் தூங்கட்டும், நீங்க கொஞ்சம் மோட்டாரை எடுத்து விட்டுருங்க" என்று சொல்லியிருக்கிறார். எனக்கும் சொல்லலாம் என்று கூப்பிட்டிருக்கிறார், என் போனில் சார்ஜ் இல்லை. பெரியப்பா பனிக்குக் காதையும் சேர்த்துத் துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தார். என் சத்தம் அவருக்குக் கேட்கவே இல்லை.

துப்பாக்கியை வேப்பமரத்தின் பின்பக்கம் சாய்த்துவிட்டுக் கிட்டே போனேன். "ஏன் கண்ணு, தூக்கம் வரலையா?" என்றார். அவ்வளவுதான். வாய்க்காலைத் திருப்பிவிடப் போய்விட்டார். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் அடி வைத்து அளந்தேன். வேப்பமரத்திலிருந்து ஸ்டார்ட்டர் பெட்டிக்கு இருபத்தாறு தப்படி. அந்தத் தூரத்தில் அந்தத் தோட்டா ஆளைக் கொன்றுவிடும்.

இதை ஆறு வருஷம் யாரிடமும் சொல்லவில்லை, மனைவியைத் தவிர. பெரியப்பாவிடம் 2018-ல் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "உங்கய்யன்கிட்டச் சொல்லிராத. தாங்கமாட்டான்" என்றார்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைகவுண்டன்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் தகப்பன், தாய், மகன் மூவரையும் கொன்றார்கள். 2025 மே மாதத் தொடக்கத்தில் ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே தோட்டத்தில் தனியாக இருந்த வயதான தம்பதி கொல்லப்பட்டுக் கிடந்தார்கள். எங்கள் சாளைக்கு மேற்கே பல்லடம், கிழக்கே சிவகிரி. இரண்டுக்கும் நடுவில் நாங்கள் படுத்துத் தூங்க வேண்டும். சிவகிரிச் செய்தி வந்த வாரம் எங்கள் பக்கம் யாரும் சரியாகத் தூங்கவில்லை. கொங்குப் பகுதி முழுக்கத் தோட்டத்து வீடுகளில் இருப்பது பெரும்பாலும் அறுபது, எழுபது வயது தாண்டியவர்கள்தான். பிள்ளைகள் திருப்பூர், கோவை, பெங்களூரு, அமெரிக்கா என்று போய்விட்டார்கள். ஆடு மாட்டை விட்டுவிட்டுப் பெரியவர்கள் நகர மாட்டார்கள்.

எல்லாருடைய வாயிலும் வந்த கோரிக்கை ஒன்றுதான்: துப்பாக்கி லைசென்ஸ் கொடுங்கள்.

எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் ஒரு கூட்டம் போட்டோம். என் மச்சான், மனைவியின் அண்ணன், எழுந்து பேசினார். அவர் பேசியதில் ஒரு வார்த்தை கூடத் தப்பில்லை. "ஸ்டேஷன் இங்கிருந்து பதினாலு கிலோமீட்டருங்க. அவங்க எவ்வளவு நல்லவங்களா இருந்தாலும் இருபது நிமிஷமாச்சும் ஆகும். எங்கப்பாவுக்கு எழுபத்தாறு வயசு, எங்கம்மாவுக்கு எழுபத்தொண்ணு. அந்த இருபது நிமிஷம் அவங்க என்னங்க பண்ணுவாங்க?" மண்டபமே அமைதியாகிவிட்டது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல், துப்பாக்கி கெட்டது, அகிம்சை நல்லது என்று பேசுகிறவர்களோடு எனக்கு ஒட்டவில்லை. பயப்படுகிற மனுஷனுக்கு உபதேசம் தேவையில்லை.

ஆனால் என்னிடம் துப்பாக்கி இருந்தது. அது என்ன செய்யும், என்ன செய்யாது என்று கையில் பிடித்துப் பார்த்தவன் நான். அதனால் மச்சானுக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருந்தது. கூட்டத்தில் சொல்ல வாய் வரவில்லை. அன்றைக்கு ராத்திரி அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கிணற்று மேட்டுக் கதையைச் சொன்னேன்.

முதலில் அவர் கேட்டது, "அன்னைக்கு அது நெசமாலுமே திருடனா இருந்திருந்தா?" என்றுதான். சரியான கேள்வி. இதே கேள்வியை நான் முன்னமே ஒரு வக்கீலிடம் கேட்டிருந்தேன். மனைவி வழியில் சித்தப்பா முறை, கிரிமினல் வழக்குகளில் முப்பது வருஷ அனுபவம். அவர் சொன்னது என்னை அதிரவைத்தது.

முதல் தப்பு, துப்பாக்கியை நான் எடுத்ததே. லைசென்ஸ் அப்பா பேரில். அவர் கூட இருக்கும்போது, அவர் கண் முன்னால் நான் கையில் வாங்கிப் பார்ப்பது வேறு. அவர் தாராபுரத்தில் இருக்கும்போது நான் தோட்டா போட்டு எடுத்துக்கொண்டு நடப்பது ஆயுதச் சட்டப்படி குற்றம். மகன், ஒரே வீடு, ஒரே ரேஷன் கார்டு என்பதெல்லாம் அங்கே செல்லாது. எங்கள் பக்கத்தில் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கிற வீடுகளில் பாதிக்கு மேல் இது தெரியாது என்று நினைக்கிறேன்.

இரண்டாவது, தற்காப்புரிமை. அப்போது இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்த பிரிவுகள், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை. எண்தான் மாறியது, சாரம் ஏறக்குறைய அப்படியே. நம் உடம்பை மட்டுமல்ல, அடுத்தவர் உடம்பையும் காப்பாற்ற உரிமை உண்டு. சொத்தைக் காப்பாற்றவும் உரிமை உண்டு. ஆனால் சொத்துக்காக ஆளைக் கொல்லும் அளவுக்குப் போகிற உரிமை சில நேரத்தில்தான் வரும். அடித்தோ மிரட்டியோ பறிக்கிற கொள்ளை. சூரியன் மறைந்து விடிவதற்குள் வீட்டை உடைத்து உள்ளே வருவது. ஆள் குடியிருக்கிற வீட்டுக்கோ சாமான் வைத்திருக்கிற இடத்துக்கோ தீ வைப்பது. அப்புறம், சாதாரணத் திருட்டாகவோ அத்துமீறலாகவோ இருந்தாலும், தடுக்காவிட்டால் உயிர் போகும் அல்லது கொடுங்காயம் படும் என்று நியாயமாகப் பயப்படுகிற நிலைமை.

"கிணத்து மேட்டுல கேபிள் வெட்டறவன் இதுல எதுலயும் வரமாட்டான் தம்பி," என்றார் சித்தப்பா. "அவன் உன்மேல அருவாளோட பாஞ்சா வருவான். குனிஞ்சுட்டு இருக்கறவன் வரமாட்டான். திரும்பி ஓடறவன் நிச்சயம் வரமாட்டான்." திருடனைத் தடுக்கலாம், தள்ளலாம், பொருளைப் பிடுங்கலாம், தேவையான அளவுக்கு அடிக்கக்கூடச் செய்யலாம். கேபிளுக்காக உயிரை எடுக்க முடியாது.

அதே சமயம், சட்டம் நம்மைக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொல்லவில்லை என்பதையும் அவர் அழுத்திச் சொன்னார். உச்ச நீதிமன்றம் 2010-ல் தர்ஷன் சிங் வழக்கில் இதை விளக்கமாக எழுதியிருக்கிறது. தாக்கப்படுகிறவன் கணக்குப் போட்டு, அளந்து அளந்து தடுக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. நியாயமான அச்சம் இருந்தாலே போதும், அடி விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் நியாயமான அச்சம் இருந்தது என்று காட்ட வேண்டிய பொறுப்பு தற்காத்துக்கொண்டவர் பக்கம். சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை, நடந்திருக்கக் கூடியது இதுதான் என்று காட்டினால் போதும். இதைக் காட்டுவதற்குள் கைது, ஜாமீன், வாய்தா என்று வருஷங்கள் போகும்.

சித்தப்பா அன்றைக்கு இங்கிலாந்து வழக்கு ஒன்றைச் சொன்னார். நார்ஃபோக் என்ற விவசாயப் பகுதியில் டோனி மார்ட்டின் என்பவர் ஒதுக்குப்புறமான பண்ணை வீட்டில் தனியாக வசித்தார். ஏற்கெனவே வீட்டில் திருட்டு நடந்து நொந்துபோயிருந்தவர். 1999 ஆகஸ்ட்டில் ராத்திரி இரண்டு பேர் உள்ளே நுழைந்தபோது சுட்டார். ஒருவன் செத்தான். அவனுக்கு வயது 16, குண்டு முதுகில் பாய்ந்திருந்தது. துப்பாக்கிக்கு லைசென்ஸ் இல்லை. கொலை என்று தீர்ப்பாகி ஆயுள் தண்டனை. 2001-ல் மேல்முறையீட்டில் அவருடைய மனநிலையைக் காரணம் காட்டிக் குற்றத்தைக் குறைத்தார்கள். 2003-ல் வெளியே வந்தார். அந்த நாடே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டிருக்கிறது. எனக்கு அந்தக் கதையில் பட்டது வேறு: அவரும் நம்மைப் போலவே ஒதுக்குப்புறத்தில், கூப்பிட்டால் கேட்காத தூரத்தில் இருந்தவர். அவருக்கு இருந்த பயம் எனக்குப் புரிகிறது. முதுகில் குண்டு வாங்கிய பையன் யார் வீட்டுப் பையனோ என்பதும் புரிகிறது.

சரி, வீட்டுக்குள் உடைத்து வருகிறவனைச் சுட உரிமை இருக்கிறதே, அதற்காவது துப்பாக்கி வேண்டாமா என்றார் மச்சான்.

நான் சொன்னது இதுதான். நம் பக்கத்தில் பெரியவர்களுக்கு ஆபத்து வருகிற நேரத்தை யோசித்துப் பாருங்கள். வெயில் காலத்தில் மாமா, அதாவது உங்கள் அப்பா, வாசலில் கயிற்றுக் கட்டிலில் படுக்கிறார். ராத்திரி இரண்டு தடவை வெளியே இருக்கிற கக்கூஸுக்குப் போகிறார். அத்தை விடியற்காலை நாலரை மணிக்குப் பால் கறக்கக் கட்டுத்தரைக்குப் போகிறார். வருகிறவன் இந்த நேரத்தைத்தான் பார்த்திருப்பான். அந்த நேரத்தில் துப்பாக்கி பூட்டிய பெட்டியில் இருக்கும். பூட்டி வைக்கிறேன் என்று எழுதிக் கொடுத்துத்தான் லைசென்ஸே வாங்க வேண்டும். முப்பத்திரண்டு வயதில் எனக்கே நான்கு நிமிஷம் ஆனது. எழுபத்தாறு வயது மாமாவுக்கு, கண்புரை ஆபரேஷன் பண்ணிய கண்ணோடு, எவ்வளவு ஆகும்? சட்டத்தை மீறித் தலைமாட்டில் தோட்டா போட்டு வைத்தால், முதலில் அதை எடுக்கப்போவது லீவுக்கு வருகிற பேரனா, அல்லது உள்ளே வந்தவனா?

இன்னொன்றும் சொன்னேன், சொல்லக் கஷ்டமாகத்தான் இருந்தது. நம் பக்கத்தில் வரப்புத் தகராறு, வண்டித்தடத் தகராறு, பங்காளிச் சண்டை இல்லாத வீடு உண்டா? அரிவாளை ஓங்கிவிட்டு யாராவது பிடித்துவிட்டதால் கீழே போட்ட கதை எத்தனை கேட்டிருக்கிறோம்! அந்த இடத்தில் துப்பாக்கி இருந்தால் பிடிக்க ஆள் வருவதற்குள் முடிந்துவிடும். கடன் தாங்காமல் மருந்தைக் குடித்தவர்களில் சிலரையாவது ஆஸ்பத்திரி காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது. அதையும் யோசிக்க வேண்டும்.

மச்சான் ஒத்துக்கொள்ளவில்லை. "உங்களுக்கு ஒரு கெட்ட அனுபவம் ஆயிருச்சு, அதனால பயப்படறீங்க" என்றார். அவர் விண்ணப்பம் போட்டார். கலெக்டர் அலுவலகத்தில் மனு, அதன்மேல் போலீஸ் விசாரணை அறிக்கை, மருத்துவச் சான்று, துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிச் சான்று என்று வரிசையாகப் போகிறது. இன்னும் முடிவு வரவில்லை. போடுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: தேர்தல் அறிவித்ததும் துப்பாக்கியை ஸ்டேஷனிலோ ஆயுத டீலரிடமோ ஒப்படைக்கச் சொல்வார்கள், தேர்தல் முடிந்துதான் திரும்பக் கிடைக்கும். அந்த மாதங்களுக்கும் உங்களுக்கு வேறு ஏற்பாடு வேண்டும். அந்த வேறு ஏற்பாட்டை இப்போதே செய்வோம் என்றேன். இதில் மச்சானுக்கும் எனக்கும் பேதமில்லை.

செய்தது இதுதான். முதலில் வெளிக் கக்கூஸ். அத்தை வீட்டில் பின்கட்டுச் சுவரை இடித்து உள்ளேயே ஒன்று கட்டினோம். இத்தனை வருஷம் ஏன் கட்டவில்லை என்று வெட்கமாக இருந்தது. மாமாவின் கட்டில் வாசலிலிருந்து கம்பிக் கதவு போட்ட திண்ணைக்குள் வந்தது. காற்று வரும், ஆள் வர முடியாது. கூடத்துக்கும் படுக்கிற அறைக்கும் நடுவில் ஒரு இரும்புக் கதவு. உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டால் உடைத்து வரப் பத்து நிமிஷமாவது ஆகும். எனக்கு வேண்டியிருந்தது அந்தப் பத்து நிமிஷம்தான்.

பிறகு சைரன். மில்லில் ஷிப்டுக்கு ஊதுவது மாதிரிச் சத்தம், பேட்டரியில் ஓடுவது. சுவிட்ச் மூன்று இடத்தில்: கட்டில் பக்கம், சமையலறை, கட்டுத்தரை. கட்டுத்தரைச் சுவிட்சைத்தான் முக்கியமாகச் சொல்வேன். அத்தை தனியாக இருட்டில் இருப்பது அங்கேதான். சுவிட்சைத் தட்டினால் சைரனோடு நாலு மூலை விளக்கும் எரியும்படி இணைத்திருக்கிறோம்.

விளக்கு விஷயத்தில் நான் பிடிவாதமாக இருந்தேன். ராத்திரி சத்தம் கேட்டால் கதவைத் திறக்கக் கூடாது. உள்ளிருந்தே வெளி விளக்கைப் போட வேண்டும், ஜன்னல் வழியாகப் பார்க்க வேண்டும், பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அன்றைக்குக் கிணற்று மேட்டில் ஒரு நாற்பது வாட்ஸ் பல்பு இருந்திருந்தால் நான் துப்பாக்கியைத் தொட்டிருக்கவே மாட்டேன். இப்போது அங்கே சோலார் விளக்கு இருக்கிறது. ராத்திரி தண்ணீர் கட்டப் போகிற யாரும் முன்கூட்டி வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்பது எங்கள் பதினோரு சாளைகளின் கட்டுப்பாடு.

நாய் இரண்டு. ஒன்று வெளியே, ஒன்று கம்பிக் கதவுக்குள். வெளியே திரிகிற நாய்க்குக் கறித்துண்டில் விஷம் வைத்துவிடலாம், உள்ளே இருக்கிற நாயை அவ்வளவு சுலபமாக நெருங்க முடியாது. காரணமில்லாமல் நாய் செத்தால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது, அன்றைக்கே குழுவில் சொல்ல வேண்டும், ஸ்டேஷனுக்கும் சொல்ல வேண்டும். சிவகிரிச் சம்பவத்துக்குப் பிறகு ரோந்து அதிகமாகியிருக்கிறது. ரோந்து வருகிற காவலர்களிடம் நாங்கள் பேசிப் பழகுகிறோம். 112, காவல் உதவி செயலி இரண்டையும் எல்லார் போனிலும் போட்டாயிற்று. ஆனால் மாமா பட்டன் போன்தான் வைத்திருக்கிறார். அதில் எண் 2-ஐ அழுத்திப் பிடித்தால் பக்கத்துச் சாளை, 3-ஐ அழுத்தினால் எனக்கு.

நகைதான் பெரிய போராட்டம். அத்தை கழுத்தில் ஐந்து பவுன் தாலிக்கொடி. கழற்றச் சொன்னதும் அழுதுவிட்டார். "மாமா உசுரோட இருக்கறப்ப என்னைய மொட்டைக் கழுத்தா நிக்கச் சொல்றீங்களா மாப்பிள்ளை?" என்றார். நான் என்ன பதில் சொல்வேன்? கடைசியில் வழி சொன்னது மாமாதான். "நான் முதல்ல கட்டுனது மஞ்சக் கயித்துலதானே புள்ள. அதுலயே போட்டுக்க." இப்போது தாலி மஞ்சள் கயிற்றில் இருக்கிறது, கொடி பேங்க் லாக்கரில். வீட்டில் நகை இல்லை என்பது நாலு பேருக்குத் தெரியட்டும் என்று அத்தையே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

செய்யக் கூடாது என்று முடிவு பண்ணியதும் இரண்டு உண்டு. ஒன்று, வேலிக்கு நேரடியாகக் கரண்ட் கொடுப்பது. பன்றிக்காக என்பார்கள், திருடனுக்காக என்பார்கள். கம்பி ஆள் பார்த்துத் தொடாது. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம் திருட்டுத்தனமாகக் கரண்ட் கொடுத்த வேலியில் மூன்று யானைகள் செத்தன, குட்டிகள் இரண்டும் தாயில்லாமல் நின்றன. தண்ணீர் கட்டப் போய் மாட்டிக்கொண்ட விவசாயக் கூலிகள் கதை எல்லா ஊரிலும் இருக்கிறது. சோலார் மின்வேலி போட வேண்டுமென்றால் அதற்கு 2023-ல் அரசு தனியாக விதிமுறை கொண்டுவந்திருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டு போட வேண்டும்.

இரண்டாவது, சந்தேகப்பட்டு ஆளை அடிப்பது. சிவகிரிக்குப் பிறகு ஒரு ராத்திரி எங்கள் குழுவில் ஒரு படம் வந்தது. வடமாநிலப் பையன் ஒருவன், கிளுவை வேலி ஓரமாக நடந்து போகிறான். பத்து நிமிஷத்தில் ஏழெட்டுப் பேர் தடியோடு கிளம்பிவிட்டார்கள். நானும் மச்சானும் பைக்கில் போய்ச் சேர்ந்தபோது அவனைச் சுற்றி நின்றிருந்தார்கள். ஒருத்தர் கன்னத்தில் அறைந்தும் விட்டார். கையில் டிபன் கேரியர். பக்கத்து நூல் மில்லில் ராத்திரி ஷிப்டுக்குப் போகிறவன், பஸ்ஸைத் தவறவிட்டு நடந்திருக்கிறான். பயத்தில் தமிழும் வரவில்லை, இந்தியும் வரவில்லை. மச்சான்தான் அவனை வண்டியில் ஏற்றி மில்லில் கொண்டுபோய் விட்டார். திரும்பி வரும்போது ரொம்ப நேரம் பேசவில்லை. "அங்க ஒருத்தன்கிட்டத் துப்பாக்கி இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை.

அதற்குப் பிறகு குழுவில் விதி வைத்தோம். சந்தேகம் என்றால் முதலில் ஸ்டேஷனுக்குப் போன், பிறகுதான் படம். கண் முன்னால் குற்றம் செய்தவனைப் பொதுமக்கள் பிடித்து வைக்க, கொள்ளை மாதிரிக் கடுமையான குற்றங்களில், சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் தாமதிக்காமல், எப்படியும் ஆறு மணி நேரத்துக்குள் போலீசில் ஒப்படைக்க வேண்டும். பிடித்துக் கட்டிய பிறகு கை வைத்தால் அது தற்காப்பு ஆகாது. அவன் பிறந்த ஊரையோ மொழியையோ வைத்து ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து கொன்றால் புதுச் சட்டத்தில் அதற்கென்றே தனிப் பிரிவு, தூக்குவரை தண்டனை.

அப்பா 2019-ல் தவறினார். துப்பாக்கியைக் கோவையில் ஒரு டீலரிடம் ஒப்படைத்தேன். வாரிசு என்ற முறையில் என் பேருக்கு லைசென்ஸ் கேட்க விதி இருக்கிறது. சிவகிரிச் செய்தி வந்த மறுநாள் அந்த விண்ணப்பத்தை எடுத்து மேஜைமேல் வைத்தது உண்மை. இரண்டு நாள் அங்கேயே கிடந்தது. மூன்றாம் நாள் டீலருக்குப் போன் போட்டு, நீங்களே விற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். அப்பாரு வருஷம் ஒருமுறை ஆயுத பூஜைக்கு எண்ணெய் போட்டுத் துடைத்து, சந்தனம் வைத்த துப்பாக்கி. கையெழுத்துப் போடும்போது அந்த எண்ணெய் வாசம்தான் ஞாபகம் வந்தது.

மாதத்துக்கு ஒரு நாள், சொல்லாமல் கொள்ளாமல், யாராவது ஒரு சாளையில் சைரனைத் தட்டிப் பார்க்கிறோம். ஸ்டேஷனுக்கு மட்டும் முன்னமே சொல்லிவிடுவோம். முதல் தடவை ஜூன் மாதம் அத்தை வீட்டில் தட்டியபோது முதல் ஆள் வந்து சேரப் பதினொரு நிமிஷம் ஆனது. பாதிப்பேர் மில் சைரன் என்று நினைத்துத் திரும்பிப் படுத்துவிட்டார்கள். சத்தத்தை மாற்றினோம். போன மாதம் நான்கு நிமிஷம். எல்லாருக்கும் முன்னால் வந்து நின்றது பெரியப்பா. எழுபத்தெட்டு வயது, ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் தடி. காதில் துண்டு கட்டவில்லை. கிழக்குப் பக்கம் கடைசிச் சாளையில் இருக்கிற பாட்டிக்குக் காது கேட்காது. அவர் கட்டிலுக்கு மேலே, சைரன் அடித்தால் விட்டுவிட்டு எரிகிற விளக்கு ஒன்று இந்த ஞாயிற்றுக்கிழமை மாட்டப் போகிறோம்.